ஒன்றரை ஆம்பியர் இழுப்பு

எருமப்பட்டிக்குக் கிழக்கே எங்கள் ஊரில், சித்திரை மாதத்து வெயிலில், த்ரீ பேஸ் கரண்டு வந்திருக்கிற நேரத்தில், பதினொரு போர்வெல் மோட்டாரை ஒரு பென்சிலால் நிறுத்தியவன் நான். ஒரு ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கவில்லை. யார் காலிலும் விழவில்லை. ஒரு கழித்தல், ஒரு வகுத்தல், ஒரு பெருக்கல் போட்டேன். மோட்டார்கள் நின்றன, மூன்று நாள்.

வெளியூர்க்காரர்களுக்கு இதன் கனம் தெரியாது. எங்கள் பக்கம் வீட்டு விளக்குக்குக் கரண்டு நாள் முழுக்க உண்டு. மோட்டாருக்கு வேண்டிய மூன்று பேஸும் ஒன்றாக வருவது காலை ஒன்பதிலிருந்து மதியம் மூன்று வரைதான். தாலி கட்டுகிற நேரத்தில் த்ரீ பேஸ் வந்தால் மாப்பிள்ளையின் அப்பா மேடையிலிருந்து குதித்துத் தோட்டத்துக்கு ஓடுவார். மாப்பிள்ளையும் கூடவே ஓடியதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். மூன்றாவது முடிச்சைப் பெண்ணே போட்டுக்கொண்டாள். அப்படிப்பட்ட ஊரில், சின்ன வெங்காயம் திரளுகிற பருவத்தில், தண்ணீரை நிறுத்துவதாவது.

என் பெயர் தங்கசாமி. சேலத்தில் ஒரு பாலிடெக்னிக்கின் மின்சார லேபில் முப்பத்துநான்கு வருடம் வோல்ட் மீட்டரையும் ஆம் மீட்டரையும் எடுத்துக் கொடுத்து, எண்ணி வாங்கிப் பூட்டிவைத்து ஓய்வு பெற்றவன். ட்யூப்லைட் பாடுகிற சுருதியை வைத்து வோல்ட்டேஜ் சொல்வேன். கொசு மட்டையில் கொசு வெடிக்கிற சத்தத்தை வைத்து அது ஆணா பெண்ணா என்றும் சொல்வேன். ஊரில் எனக்குப் புளுகுமூட்டை என்று பெயர். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இருந்ததில்லை, போன சித்திரை வரைக்கும்.

அறிவுச்செல்வி எனக்கு மகள் முறை. பெரியப்பா என்று கூப்பிடுவாள். நாற்பத்தெட்டு வயது. கோழிப்பண்ணையில் ரிஜிஸ்டர் எழுதுகிற வேலை பார்த்தாள். எந்தக் கொட்டாயில் எத்தனை முட்டை, எத்தனை உடைசல், எத்தனை கோழி செத்தது என்று இருபது வருடம் எழுதினாள். அடித்தல் திருத்தல் கிடையாது. செல்வி எழுதாமல் எங்கள் பண்ணையில் ஒரு கோழியும் சாகாது என்பார் மேனேஜர். அவளுக்கு நுரையீரல் நார் நாராகிச் சுருங்கிக்கொண்டே வந்தது. ஊர் அதற்கு இழுப்பு என்றே பெயர் வைத்தது. கடைசியில் சேலத்து டாக்டர்கள் வீட்டுக்குக் கூட்டிப் போகச் சொல்லிவிட்டார்கள். ஆக்சிஜன் நிற்காமல் போனால் நாலு நாள், மிஞ்சினால் ஐந்து என்றார்கள்.

அவள் கேட்டது ஒன்றுதான். "அவரு வந்துரட்டும் பெரியப்பா. அதுவரைக்கும் மூச்சு இருந்தாப் போதும்."

அவர் என்றால் ரங்கன், அவள் புருஷன். ரிக் வண்டியில் போர் போடுகிற ட்ரில்லர். திருச்செங்கோட்டு வண்டியோடு சத்தீஸ்கரில், போன் சிக்னல் எட்டாத ஒரு காட்டோரத்தில் இருந்தான். ஆள் மேல் ஆள் பிடித்துத் தகவல் அனுப்பியிருந்தோம்.

நாமக்கல்லில் ஒரு டிரஸ்ட் இரவல் தருகிற ஆக்சிஜன் மெஷின் திங்கட்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு வந்து இறங்கியது. இடுப்புயரப் பெட்டி. பிளக்கைச் செருகினால் காற்றிலிருந்தே ஆக்சிஜனைப் பிரித்துக் குழாய் வழியாக மூக்குக்கு அனுப்பும். விடியும்வரை பூனை போல் உறுமிக்கொண்டு ஒழுங்காக ஓடியது.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு த்ரீ பேஸ் வந்தது. கரண்டு வந்ததும் தானாக மோட்டாரைக் கிளப்பிவிடுகிற ஆட்டோ ஸ்டார்ட்டர் பதினொன்றும் ஒரே நொடியில் கிளப்பின. மின்விசிறி இறக்கைகளை எண்ணிப் பார்க்கலாம் போலத் தளர்ந்தது. மெஷின் பீப் பீப் என்று கத்திவிட்டு நின்றது. மறுபடி போட்டோம். மறுபடி கத்தி நின்றது. அந்தக் கத்தலுக்கு நடுவில்தான் ரங்கனின் போன் வந்தது.

"என்ன கத்துது அங்க?"

"மெஷினுங்க. கரண்டு கம்மி." அதைச் சொல்ல செல்விக்கு நாலு மூச்சு பிடித்தது.

"கெளம்பிட்டேன் சாமி. வெள்ளிக்கெழமைக்கு வந்துருவேன். வாரேன், கேக்குதா? வாரேன்."

அதோடு சிக்னல் போனது.

பக்கத்து வீட்டுப் பாவாயி மெஷினை அணைத்துவிட்டு, டிரஸ்ட்டில் கைக்காவலுக்குக் கொடுத்திருந்த ஒரே ஒரு சிலிண்டரைத் திறந்தாள். அது மூன்று மணி வரை தாங்கும். அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. நான் எருமப்பட்டிக்குப் பறந்துபோய் ஸ்டெபிலைசர் வாங்கி வந்து, மின்விசிறியை மாட்டிச் சோதித்தேன். அது கால் மணி நேரம் டிக் டிக் என்று தவித்து, வெல்லம் காய்ச்சுகிற வாசனையோடு உயிரை விட்டது.

"நாளைக்கும் கரண்டு கம்மியாத்தான் வருமுங்களா?" என்று கேட்டாள் செல்வி.

எங்கள் ஊரில் எல்லாமே கரண்டுதான். வோல்ட்டேஜும் கரண்டு, ஆம்பியரும் கரண்டு, மீட்டர் பார்க்க வருகிறவரும் கரண்டுக்காரர். முப்பத்துநான்கு வருடப் பழக்கம் எனக்கு வாயை மூடவிடவில்லை.

"கம்மி கரண்டு இல்ல கண்ணு. கரண்டு சாஸ்தி. வோல்ட்டேஜுதான் கம்மி. பதினோரு மோட்டாரும் இழுக்கற இழுப்புல கம்பியே கால்வாசிக்கு மேல தின்னுபோட்டு மிச்சத்தத்தான் உம்பட ஊட்டுக்கு அனுப்புது."

"எவ்வளவு திங்குது? கணக்குப் போட்டுச் சொல்லுங்க."

சாகக் கிடக்கிறவள் கணக்குக் கேட்கிறாள். ஆனாலும் போட்டேன். மல்டிமீட்டரைப் பிளக்கில் செருகினேன்: நூற்று அறுபது வோல்ட். தெரிந்த ஒயர்மேன் சின்னுசாமியை இழுத்துப்போய் டிரான்ஸ்பார்மரடியில் எங்கள் கம்பியைக் கிளாம்ப் மீட்டரால் கவ்வச் செய்தேன்: நூற்று அறுபத்தைந்து ஆம்பியர். மூன்று மணிக்கு மோட்டார்கள் ஓய்ந்ததும் மெஷினைத் திரும்பப் போட்டுவிட்டு மறுபடி பார்த்தேன்: இருநூற்று இருபத்தாறு வோல்ட்.

ஆக, நடுவில் தொலைவது அறுபத்தாறு வோல்ட். அறுபத்தாறை நூற்று அறுபத்தைந்தால் வகுத்தால் புள்ளி நாலு. டிரான்ஸ்பார்மரிலிருந்து ஊர்க் கடைசியில் இருக்கிற செல்வி வீடு வரைக்கும் கம்பியின் தடை அந்தப் புள்ளி நாலு ஓம்தான். அதே அறுபத்தாறை நூற்று அறுபத்தைந்தால் பெருக்கினால் பத்தாயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூறு வாட். ஒரே ஒரு கம்பியில் அவ்வளவும் சும்மா சூடாகப் போகிறது. அதில் உட்கார்கிற காக்காய் வறுவலாகத்தான் எழுந்திருக்கும். செல்வியின் மெஷினோ இழுப்பது ஒன்றரை ஆம்பியர். இருநூற்று இருபத்தாறை ஒன்றரையால் பெருக்கினால் முந்நூற்று முப்பத்தொன்பது வாட். சட்னி அரைக்கிற மிக்சிக்குக்கூட இதைவிட அதிகம் வேண்டும்.

"புள்ளி நாலு," என்றாள் செல்வி. "கையில புடிக்கக்கூட ஒண்ணுமில்லீங்களே பெரியப்பா." பிறகு கேட்டாள்: "எத்தனை மோட்டாரு நின்னா மெஷினு ஓடும்?"

மெஷின் நிற்காமல் ஓட நூற்றுத் தொண்ணூறு வோல்ட் வேண்டும். அப்படியானால் கம்பியில் தொலைய நாம் அனுமதிப்பது முப்பத்தாறு. அதைப் புள்ளி நாலால் வகுத்தால் தொண்ணூறு ஆம்பியர். மோட்டாருக்குப் பதினைந்து வீதம் ஆறு மோட்டார் ஓடலாம்.

"அஞ்சு நின்னாப் போதும்," என்றேன்.

"அஞ்சுங்களா," என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அவளும் இந்த ஊர்க்காரிதான். அஞ்சு என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியும்.

அன்று சாயங்காலம் டீக்கடைக்குப் போனேன். மோட்டார்க்காரர்கள் பாதிப் பேர் அங்கே இருந்தார்கள்.

"நாளையிலிருந்து த்ரீ பேசு நேரத்துல அஞ்சு பேரு மோட்டாரை நிறுத்தோணும். நாலு நாளைக்கு," என்றேன்.

பச்சமுத்து டீயைத் துப்பிவிட்டார். "ஏனுங்ண்ணா, அஞ்சு பேரு கிட்னி குடுங்கன்னு கேட்டிருந்தாக்கூட ரெண்டு பேரு யோசிச்சிருப்பம்."

"புளுகுமூட்டைக்கு இன்னிக்கி வெயிலு சாஸ்தி," என்றார் இன்னொருவர்.

நான் கணக்கு எழுதின தாளை மேஜையில் வைத்தேன். வோல்ட், ஓம் என்று ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவார்கள். அவர்கள் வாயில் புழங்குகிற சொல் ஒன்று உண்டு. மோட்டாருக்கு ஆம்பியர் ஏறினால் 'இழுப்பு சாஸ்தி' என்பார்கள்.

"உங்க மோட்டாரு ஒவ்வொண்ணுக்கும் இழுப்பு பதினஞ்சு. வோல்ட்டேஜ் எறங்க எறங்க அது இன்னும் இழுக்கும், காயிலு கருகற வரைக்கும் இழுக்கும், உங்களுக்கே தெரியும். மூச்சுப் பத்தாத மனுசனும் அப்படித்தான். ஊர்க்கடைசில ஒருத்திக்கும் இழுப்பு. அவ மெஷினு இழுக்கறது ஒண்ணரை. அந்த ஒண்ணரை போயிச் சேர மாட்டேங்குது."

கந்தவேல் தாளைத் தன் பக்கம் திருப்பினார். அவரிடம்தான் ஊரிலேயே பெரிய வெங்காயக் காடு. நாலு வருடமாக அவருக்கும் ரங்கனுக்கும் பேச்சு வார்த்தை இல்லை. பக்கத்துக் காட்டில் ரங்கன் தொள்ளாயிரத்து ஐம்பது அடிக்குப் போர் போட்டுக் கொடுத்த பிறகு கந்தவேலின் பழைய போர் வற்றிப்போனது. அதிலிருந்து ரங்கன் வீட்டுத் தெருவில்கூட அவர் வண்டி போகாது.

"எந்த அஞ்சு பேருங்க?" என்று கேட்டார்.

"சீட்டுப் போட்டுக்கலாம்."

அவர் தம்ளரைக் கீழே வைத்தார். "ஒருத்தி மூச்சு வுடறதுக்குச் சீட்டுங்களா," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஒவ்வொருவராக மற்றவர்களும் எழுந்தார்கள். கடைக்காரர் மேஜை துடைத்த ஈரத்தோடு என் தாளை எடுத்துக் கொடுத்தார்.

புதன்கிழமை காலை எட்டே முக்காலுக்கே மல்டிமீட்டரைச் செருகி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இரண்டாவது சிலிண்டர் கிடைக்கவில்லை. பாவாயி கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். ஒன்பது மணி. இருநூற்று இருபத்தாறு. ஒன்பது ஐந்து. இருநூற்று இருபத்தாறு. மீட்டரைத் தட்டினேன். பேட்டரியை மாற்றிப் போட்டேன்.

"இன்னிக்கி த்ரீ பேசு வரலீங்களா?" என்றாள் செல்வி.

எனக்கும் அதுதான் சந்தேகம். விடுவிடுவென்று கந்தவேல் காட்டுக்குப் போனேன். அவர் மோட்டார் ரூம் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். தலைக்கு மேலே போர்டில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்று விளக்கும் எரிந்தன. ஆட்டோ ஸ்விட்சைக் கீழே தள்ளி அதன் மேல் ஒரு துண்டைப் போட்டு வைத்திருந்தார், கண்ணில் படக்கூடாது என்பதுபோல. பின்னால் வெங்காயத் தாள் நுனியெல்லாம் தொங்கிக் கிடந்தது.

"வந்துருச்சுங்களே," என்றேன்.

"ஒம்பது மணிக்கே வந்துருச்சுங்க."

"மத்தவங்க?"

"போயிப் பாத்துக்கங்க."

பார்த்தேன். அறுபத்தாறு வயதில் பதினொரு காட்டையும் சுற்றினேன். பதினொரு ரூமிலும் மூன்று விளக்கு எரிந்தது. ஒரு குழாயிலும் தண்ணீர் விழவில்லை. அவ்வளவு வெயிலில் அவ்வளவு அமைதியாக எங்கள் ஊரை நான் கேட்டதே இல்லை. என் கணக்கில் தப்பு இல்லை, அஞ்சு போதும்தான். யார் அந்த அஞ்சு என்று பேச அவர்களுக்கு வாய் வரவில்லை.

செல்வியிடம் வந்து சொன்னேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பிறகு, "ஒரு நோட்டு குடுங்க பெரியப்பா," என்றாள். கோடு போட்டு நாலு பத்தி பிரித்தாள். தலைப்பு எழுதினாள்: நேரம், கரண்டு, இழுப்பு, வாட்டு.

"கரண்டுன்னு போடாத சாமி. அது வோல்ட்டேஜு."

"ரிஜிஸ்டருன்னா யாரு படிச்சாலும் புரியோணுமுங்க."

அதிலிருந்து அரைமணிக்கு ஒரு தடவை மல்டிமீட்டரையும், சின்னுசாமி விட்டுப்போன கிளாம்ப் மீட்டரையும் பார்த்து எழுதினாள். 226, 1.5, 339. 224, 1.5, 336. பெருக்கல் அவளே போட்டாள். தூங்கிப்போனால் விட்ட நேரத்துக்கு நேராக ஒரு கோடு. கண்ணால் பார்க்காததை அவள் எழுதவில்லை.

வியாழக்கிழமை மதியம் கேட்டாள்: "இந்தப் பொட்டி முந்நூத்திச் சில்லறை வாட்டு திங்குது. மனுசனுக்குள்ள எத்தனைங்க ஓடும்?"

"சும்மா உக்காந்திருந்தா ஒரு நூறு வாட்டு இருக்கும்."

"நூறா. பழைய குண்டு பல்பு." சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் ஓய அரைமணி ஆயிற்று. "இப்ப எனக்கு நாப்பது இருக்குமுங்களா?"

கொசுவுக்கு ஆண் பெண் சொல்கிற வாய் இது. அன்றைக்கு அதில் புளுகு வரவில்லை. "அவரு ரயிலு ஏறிட்டாராமா," என்று மட்டும் சொன்னேன். அது உண்மை. நாக்பூர் பக்கம் சுற்றி வருகிற ரயில்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கும் மோட்டார் ஓடவில்லை. ஒன்பதரைக்கு செல்வி நோட்டைக் கேட்டாள். பாவாயி தாங்கிப் பிடிக்க, எழுதினாள். பிறகு வாசல் பக்கம் முகத்தைத் திருப்பச் சொன்னாள். ஒன்பது நாற்பதுக்கு பாவாயி ஈரத் துணியை நனைத்துக்கொண்டு வந்தபோது கண் வாசலைப் பார்த்தபடி இருந்தது, பார்வை இல்லை. மெஷின் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. பாவாயிதான் அதை அணைத்தாள். வோல்ட்டேஜ் இருந்தது, ஆம்பியர் இருந்தது. அவள்தான் இல்லை.

ரங்கன் பன்னிரண்டே காலுக்கு வந்தான். காலில் சத்தீஸ்கர் மண் உதிராமல் ஒட்டியிருந்தது. அழவில்லை. ஊரே வந்து நின்றது, கந்தவேலும் வந்து ஓரமாக நின்றார். ரங்கன் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் என்னிடம் வந்தான்.

"ஒம்பது மணிக்கு த்ரீ பேசு. ஒம்பது நாப்பதுக்கு அவ போயிட்டா. எனக்குக் கணக்குத் தெரியாதுன்னு நெனச்சுட்டீங்களா மாமா? அந்தக் கத்தல நானே போன்ல கேட்டனுங்க."

"அது செவ்வாய்க்கெழம. பொதங்கெழமையிலிருந்து ஒரு மோட்டாரும் ஓடலீங்க மாப்பிள்ளை."

"கந்தவேலு நிறுத்துனாரு. எம்பட பொண்டாட்டிக்கு."

"நிறுத்துனாரு."

"ஏனுங் மாமா, மூணாவது முடிச்சைப் பொண்ணே போட்டுக்கிட்டான்னு சொன்னவருதானுங்களே நீங்க."

மெஷின் கடைசிவரை ஓடியது என்று பாவாயி சொன்னாள். ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தான். மோட்டார்க்காரர்களிடம் போய் அவனிடம் ஒரு வார்த்தை சொல்லுங்களேன் என்றேன். "செஞ்சத எப்படிங்ண்ணா நாமளே போயிச் சொல்றது," என்று தலையைச் சொறிந்தார் பச்சமுத்து. நோட்டை எடுத்து ரங்கனிடம் கொடுத்தேன். அவள் கையெழுத்தில் விரலை வைத்துக்கொண்டு வரிவரியாகப் படித்தான். கடைசி வரியில் விரல் நின்றது.

நேரம் 9.30. கரண்டு 226. இழுப்பு இல்லை. வாட்டு கட்டம் காலி.

"இழுப்பு இல்லைன்னு எழுதியிருக்கறா. ஆம்பியரு இல்லீன்னா மெஷினு நின்னு போச்சுன்னுதானுங்க அர்த்தம். பத்து நிமிசம் காத்து இல்லாமக் கெடந்திருக்கறா."

"அது மெஷினு இழுப்பு இல்ல மாப்பிள்ளை. அவளுக்கு. அந்நேரத்துக்கு நெஞ்சு லேசாயிருச்சு. அதத்தான் எழுதியிருக்கறா."

"நீங்க சொல்றீங்க," என்றான். நோட்டை மடியில் வைத்துக்கொண்டு எழுந்து போனான். ஆயுசு முழுக்க நான் சொன்ன புளுகெல்லாம் வரிசையாக வந்து என் முன்னால் உட்கார்ந்துகொண்டது அன்றைக்குத்தான்.

இரண்டு நாள் கழித்து மெஷினை வண்டியில் கட்டிக்கொண்டு நாமக்கல்லுக்குத் திருப்பிக் கொடுக்கப் போனான். நாலு மணிக்குத் திரும்பி வந்தவன் வீட்டுக்குப் போகாமல் நேராக என் வாசலுக்கு வந்து நின்றான்.

"அந்தப் பொட்டியில கீழாப்புல சின்னதா ஒரு மீட்டரு இருக்குதுங்க மாமா. எத்தனை மணி நேரம் ஓடுச்சுன்னு அதுவே எண்ணிக்குது. பில்டர் மாத்தறதுக்காவ."

முப்பத்துநான்கு வருடம் மீட்டரோடு குப்பை கொட்டியவன் நான், குனிந்து பார்க்கவில்லை.

"நமக்குக் குடுத்தப்ப நாலாயிரத்து முந்நூத்திப் பத்துன்னு எழுதி வெச்சிருக்கறாங்க. இன்னிக்கி நாலாயிரத்து முந்நூத்தித் தொண்ணூத்தொண்ணு புள்ளி ஏழு." ரிக்கில் இறங்குகிற ராடுகளை எண்ணுகிற மாதிரி விரல் கணுவில் கட்டை விரலை வைத்து எண்ணினான். "திங்கக்கெழம சாயங்காலம் ஆறு மணி. வெள்ளிக்கெழம ஒம்பது நாப்பது. மொத்தம் எண்பத்தேழு மணி, நாப்பது நிமிசம். ஓடுனது எண்பத்தொண்ணு, நாப்பது நிமிசம். கொறையறது ஆறு."

"செவ்வாய்க்கெழம. ஒம்பதுல இருந்து மூணு."

"ஆமாங்க. அந்த ஆறுதான். பொதங்கெழம ஒரு நிமிசம் நிக்கல. வியாழக்கெழமயும் நிக்கல. வெள்ளிக்கெழம அவ போற வரைக்கும் ஓடியிருக்குது." விரலை மடக்கினான். "மோட்டாரு ஓடியிருந்தா அது ஓடியிருக்காதுங்க."

"ஓடியிருக்காது."

"அப்ப இழுப்பு இல்லைன்னு எழுதுனது..."

"அவளுக்குத்தான் மாப்பிள்ளை."

வாசலிலேயே குந்தி உட்கார்ந்து முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான். வந்த நாளிலிருந்து அழாதவன் அப்போது அழுதான். ரோட்டில் போன ஒரு பண்ணை வண்டி வேகத்தைக் குறைத்து, பிறகு போய்விட்டது. முகத்தைத் துடைக்காமலே பேசினான்.

"எல்லாரும் நிறுத்தியிருக்கறாங்க. நாந்தான் வந்து சேரல." மூச்சை ஒருதரம் இழுத்துவிட்டான். "நீங்க சொன்னது நடந்துதுங்க மாமா. பதினொண்ணும் நின்னிருக்குது."